உத்திராபதியின் இடது பக்கம்

கோரையூர் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட் சுமைப்பணித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் உத்திராபதிக்கு, ஒன்றரை வருஷத்துக்கு முன் காணாமல்போன இடது பக்கம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்குத் திரும்பி வந்தது. ஆனால் வந்தது அவருடைய இடது பக்கம் அல்ல, பத்தொன்பது வருஷமாக அவர் முகம் கொடுத்துப் பேசாத மச்சினன் பக்கிரிசாமியுடைய இடது பக்கம்.

அப்போது அவர் சங்க அலுவலகத்தில் இரும்பு நாற்காலியில், உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்த ரப்பர் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கத்தில் எப்போதும்போலச் சங்கத்தின் பீரோவும் அதன்மேல் சுருட்டி வைத்த கொடிகளும் தெரிந்தன. இடது பக்கத்தில், கறுப்பு என்றும் சொல்ல முடியாமல் வெளுப்பு என்றும் சொல்ல முடியாமல் ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில், கரி பிடித்த ஒரு சுவர் வந்தது, சுவரோரம் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கு வந்தது, தூக்கின் வயிற்றில் ‘உத்திராபதி – பவுனம்மாள்’ என்று கல்யாணத்துக்கு வெட்டிய எழுத்து இருந்தது. ஒரு கை அந்தத் தூக்கைச் சாய்த்துத் தட்டில் குழம்பு ஊற்றியது. கையில் சுண்டுவிரல் பாதிதான். வேகன் கதவில் அந்த விரல் நசுங்கியபோது துண்டைக் கிழித்துக் கட்டுப்போட்டவரே உத்திராபதி என்பதால், யாருடைய கை என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போனார்.

“நேத்து வச்ச கெளுத்திமீன் குழம்பு எங்கடி?” என்று பவுனம்மாளைக் கேட்டார்.

“தீந்து போச்சுங்க.”

“தீரல. இப்பத்தான் ரெண்டாவது தடவை ஊத்துறான் உன் தம்பி. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

பவுனம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். பத்தொன்பது வருஷமாகக் கொல்லை வழியாகத் தூக்கு கொடுத்தனுப்பியவள், பிடிபட்டதற்காகக் கொஞ்சமும் வெட்கப்படாமல், “அப்படியே உப்பு சரியா இருக்கான்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

“மூஞ்சி எப்படித் தெரியும்? அவன் பாக்குறதுதான் எனக்குத் தெரியுது.”

“அப்பத் தட்டப் பாத்துச் சொல்லுங்க. உப்பு பத்தலைன்னா பாதியில தள்ளி வச்சுடுவான்.”

தட்டு வழித்துத் துடைத்தாற்போல இருந்தது. உத்திராபதி அதைச் சொல்லவில்லை.

இடது பக்கம் போன கதை நீளமானது அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் நூறு கிலோ மூட்டையை வலது தோளுக்கும் பிடரிக்கும் நடுவில் ஏற்றி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வேகனுக்கும் லாரிக்கும் இடையில் போட்ட பலகையில் ஓடியவர்களின் கழுத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, ஒருநாள் மூளையின் பின்பக்கத்தில் ஒரு துண்டு செத்துப்போகும். கண் நன்றாக இருக்கும். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார். ஆனால் உலகத்தில் இடது பாதி இருக்காது. சோற்றில் இடது பாதியைத் தின்னாமல் எழுந்துவிடுவார்கள், கதவின் இடது நிலையில் மோதுவார்கள், பலகையின் இடது ஓரத்தில் கால் வைத்து விழுவார்கள். நாட்டுக்கே அரிசி சுமந்த கழுத்துக்கு என்ன ஆனது என்று கேட்க எந்தத் துறையிலும் ஒரு நாற்காலி போட்டிருக்கவில்லை. குத்தகைக்காரர் கலியபெருமாள் மட்டும் லாரி மேலிருந்து கேட்டார்: “என்ன செயலாளரே, இடதுசாரிக்கு இடது பக்கமே போயிடுச்சாமே?” அன்றைக்கு மத்தியானம் ஷெட் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. பக்கவாட்டுப் பார்வை இல்லாதவர்கள் பலகையில் ஏறக் கூடாது என்றது அது. சங்கத்தில் உத்திராபதியையும் சேர்த்துப் பதினோரு பேர் வேலை அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே நின்றார்கள். அன்று முதல் உத்திராபதிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தன் இடது பக்கம் திரும்பி வரவேண்டும், யார் தயவும் இல்லாமல் தன் காலால் அந்தப் பலகையில் மறுபடி ஏற வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து டாக்டர் சுகந்தி வந்தார். மூளையை ஆராய்கிறவர். கண்ணாடி போட்டவர், வேகமாக நடப்பவர், வெயிலில் தலையில் எதுவும் போட்டுக்கொள்ளாதவர். செத்த துண்டைச் சுற்றி உயிரோடு இருக்கும் இடத்துக்கு, டார்ச் பேட்டரியைவிடக் குறைந்த கரண்டை நாள்தோறும் இருபது நிமிஷம் கொடுத்துக்கொண்டே வந்தால், அந்த இடம் விழித்துக்கொண்டு இழந்த பாதியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் என்பது அவர் ஆறு வருஷமாகச் செய்துவரும் வேலை. அவருக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். சங்கத்தில் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆளாக, மேலக்கரை ரைஸ் மில்லில் மூட்டை தூக்கி இடது பக்கத்தைத் தொலைத்திருந்த பக்கிரிசாமியை அவரே தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“அவன் வந்தா நான் வரமாட்டேன்” என்றார் உத்திராபதி.

“ஏன் ஐயா?”

“கருங்காலி.”

மற்றபடி சொல்ல வேண்டியதெல்லாம் பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய தீர்மானத்தில் இருந்தது. நாற்பத்து மூன்று நாள் வேலைநிறுத்தத்தில் முப்பத்தோராவது நாள் பக்கிரிசாமி பலகையில் ஏறினான், ஆகவே நீக்கப்படுகிறான் என்று அதில் உத்திராபதியின் கையெழுத்திலேயே இருந்தது. அன்றைக்கு அவன் பெண்டாட்டி பிரசவ ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்பதும், தாயும் பிள்ளையும் திரும்பி வரவில்லை என்பதும் தீர்மானத்தில் எழுதப்படவில்லை. தீர்மானங்களில் அதற்கெல்லாம் இடம் விடுவதில்லை.

பன்னிரண்டு பேர் இல்லாவிட்டால் ஆராய்ச்சியே இல்லை என்று டாக்டர் சொன்னதால் ஒத்துக்கொண்டார்கள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்ட பித்தளை வில்லையை ஆளுக்கொன்று கொடுத்து, “இத யாருக்கும் குடுக்காதீங்க. தினமும் இதே நம்பர்லதான் உக்காரணும். இதுல ஆறு நம்பருக்கு மட்டும் கரண்டு வரும். ஆறு நம்பருக்குத் தொப்பி மட்டும்தான். எது எதுன்னு எனக்கே தெரியாது, கவர்ல ஒட்டியிருக்கு” என்றார்.

காத்தமுத்து, பதினோரு பேரில் வாய் நீளமானவன், எழுந்தான். “தொப்பி மட்டும்னா?”

“கரண்டு இல்லாம சும்மா உக்காந்திருப்பீங்க. ஒப்பிட்டுப் பாக்கணும் இல்லையா? அப்பத்தான் கரண்டாலதான் பார்வை வந்துச்சுன்னு நிரூபிக்க முடியும்.”

“அதாவது ஆறு பேருக்குச் சாப்பாடு, ஆறு பேருக்குக் காலி எலை.”

“முடிவு வந்ததும் அடுத்த வருஷம் அவங்களுக்கும் குடுப்போம்.”

அடுத்த வருஷம் என்ற சொல்லை உத்திராபதி தன் வாழ்நாளில் பல வாய்களிலிருந்து கேட்டிருக்கிறார். டாக்டர் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு முறையைச் சொன்னார். கூட்ஸ் ஷெட்டில் சங்கம் பிறந்த நாளிலிருந்து முறை உண்டு: வாசலுக்குக் கிட்ட நிற்கும் வேகன் லேசானது, கடைசி வேகன் உயிரை வாங்கும், எந்த ஆளும் ஒரே வேகனில் இரண்டு நாள் தொடர்ந்து ஏறக் கூடாது, தினமும் ஒரு வேகன் தள்ளித் தள்ளி ஏற வேண்டும். வில்லையையும் அப்படியே தள்ளுவது என்று தீர்மானமானது. ஒன்று இரண்டுக்குப் போகும், இரண்டு மூன்றுக்குப் போகும், பன்னிரண்டு ஒன்றுக்கு வரும். எல்லாத் தலைக்கும் கரண்டு, எல்லாத் தலைக்கும் காலித் தொப்பி. பக்கிரிசாமி இல்லாமல் வட்டம் முடியாது என்பதால் பவுனம்மாள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். “நீக்குனவனுக்கு முறை மட்டும் உண்டான்னு மாமாவக் கேட்டுட்டு வா அக்கா” என்று அவன் சிரித்தானாம். ஆனாலும் வில்லையைத் தள்ளினான்.

டாக்டர், யாருடைய முகத்தையும் பார்த்து மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதென்று, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊர்ப்பேச்சையும் காதில் வாங்காமல், எண்ணை மட்டும் கேட்டு இயந்திரத்தை முடுக்குவார். முப்பது நாளும் அவர் நேர்மையாகவே நடந்துகொண்டார். முப்பது நாளும் அவர்களும் நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். இரண்டு நேர்மைக்கும் நடுவில் மாட்டிய பன்னிரண்டு இடது பக்கங்கள், ஒன்பதாவது நாளிலிருந்து, திரும்பி வர வழி தெரிந்து, வீடு தெரியாமல், ஜோடி ஜோடியாக மாறி வந்து இறங்கின. உத்திராபதியின் இடது பக்கம் பக்கிரிசாமிக்கு, பக்கிரிசாமியின் இடது பக்கம் உத்திராபதிக்கு. காத்தமுத்துவினுடையது நாகப்பனுக்கு, நாகப்பனுடையது காத்தமுத்துவுக்கு. இப்படி ஆறு ஜோடி.

கோரையூர் இரண்டு நாள் வாயைப் பிளந்தது. மூன்றாம் நாள் வேலையைப் பார்த்தது. முதலில் பெண்கள் வீடுகளை மாற்றினார்கள். பதினோரு வீட்டிலும் பெண்டாட்டிமார் புருஷனின் வலது பக்கத்துக்குப் பாயை இழுத்துக்கொண்டார்கள். குளிக்கிற மறைப்புகள் வலது பக்கம் போயின. நாகப்பன் பெண்டாட்டி தெருவில் நின்று, “காத்தமுத்தண்ணே, எங்க வீட்டு ஆளு திரும்பும்போது நீங்க கண்ண மூடிக்கணும், சொல்லிட்டேன்” என்று கத்த, காத்தமுத்து மூன்று தெரு தள்ளி உட்கார்ந்துகொண்டு, “கண்ண மூடுனாலும் தெரியுது தங்கச்சி, நான் என்ன செய்ய, நீ வெளக்க அணை” என்று கத்தினான். அரசமரத்தடியில் சீட்டாட்டம் ஒரே வாரத்தில் நின்றுபோனது, ஏனென்றால் ஒருவன் சீட்டை இன்னொருவன் டீக்கடையிலிருந்து படித்துச் சொன்னான். சலூனில் முகம் மழிக்க உட்கார்ந்தவனின் காதோரம் கத்தி வரும்போது அவன் ஜோடி ரேஷன் கடை வரிசையில் நின்று தோளைச் சுருக்கினான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவரின் இடது பக்கம் விரலைக் காட்டிவிட்டு, தெருமுனைக்கு ஓடி இன்னொருவரிடம் எத்தனை விரல் என்று கேட்டு வந்தார்கள். ஜோசியர் இரண்டு கட்டம் போட்டுப் பார்த்து, பன்னிரண்டு ராசிக்கும் பொதுவாக ஏதோ சொல்லிவிட்டு, தன் வேலைக்குப் போனார். லெவல் கிராஸிங் கேட்கீப்பர் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் சங்கிலியை எடுப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பிறகு அவர்கள் பலகையில் ஏறினார்கள். ஒருவன் மூட்டையோடு பலகையில் போகும்போது அவன் இடது பக்கத்தைப் பார்க்கும் ஜோடி பத்தடி தள்ளி நின்று குரல் கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். “ஓரம் ஓரம், நாகப்பா ஓரம்” என்றும் “கால எடு, கைய விடு” என்றும் ஆறு குரல் ஷெட்டுக்குள் ஒன்றை ஒன்று துரத்திப் பாட்டாகவே ஆகிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒருநாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அன்று ஒரு ரேக் அரிசி, ஒரு கூட்ஸ் வண்டி முழுக்க, இறங்கியது. ஒரு மூட்டை விழவில்லை. நோட்டீஸைக் கிழித்துப்போட்டார்கள். ஜோடி இல்லாமல் ஆள் ஏற முடியாது என்பதால், பக்கிரிசாமியையும் தற்காலிகமாக என்று எழுதி உள்ளே விட்டார்கள்.

உத்திராபதி பலகையில் ஏறிவிட்டார்தான். ஆனால் ஒவ்வொரு அடியும் அந்தக் கருங்காலியின் குரலைப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டியிருந்தது. “மாமா, பலகை குறுகுது, வலது தள்ளுங்க.” “மாமா, நில்லுங்க, லாரிக்காரன் பின்னால எடுக்குறான்.” பத்தொன்பது வருஷம் இந்த ஊரில் அந்த வாயிலிருந்து ஒரு சொல் தன் காதில் விழாதபடி தெரு மாறி நடந்தவர் அவர். பக்கிரிசாமிக்கு அவர் பதில் குரல் கொடுக்கவில்லை. மூட்டைக் கொக்கியால் தூணில் தட்டினார், ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. தட்டலைக் கேட்டே பக்கிரிசாமி போனான், நின்றான், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்தால் இடது பக்கத்தில் அவன் வீடு விரிந்தது: ஒரு தட்டு, ஒரு பாய், ஒரு சட்டை தொங்கும் ஆணி. எல்லாம் ஒவ்வொன்று. கண்ணை மூடினாலும் அந்த ஆணி தெரிந்தது.

முப்பத்திரண்டாவது நாள் டாக்டர் சுகந்தி முடிவுகளைக் கூட்டிப் பார்த்தார். எந்த எண்ணுக்கும் எந்த ஆளுக்கும் ஒட்டவில்லை. காத்தமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றாததால், முறையை விளக்கமாகச் சொன்னான்.

டாக்டர் சங்க அலுவலகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “மாத்துனீங்களா?” என்றார். “தினமுமா?”

“ஞாயித்துக்கெழம லீவு.”

“ஆறு வருஷம்” என்றார். நாகப்பன் பெண்டாட்டி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “அழுவாதீங்க டாக்டரம்மா. ஏமாத்தணும்னு செய்யல. ஒருத்தன் திங்க ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு செஞ்சாங்க.”

தண்ணீரைக் குடித்துவிட்டு டாக்டர் இரண்டு நாள் யோசித்தார், சென்னைக்குப் பேசினார், மூன்றாம் நாள் பன்னிரண்டு பேரையும் மத்தியானம் சங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கவரை அவர்கள் முன்னாலேயே பிரித்தார். கரண்டு உள்ள எண்கள் ஆறையும் படித்தார். முதல் நாள் வாங்கிய வில்லைப்படி அந்த ஆறில் உத்திராபதி இருந்தார். பக்கிரிசாமியும் இருந்தான். காத்தமுத்து இல்லை, நாகப்பன் இல்லை.

“இயந்திரம் இன்னும் முப்பது நாள்தான் இங்க இருக்கும்” என்றார் டாக்டர். “இந்தத் தடவை மாத்தாம அவங்கவங்க நம்பர்லயே உக்காந்தா, இந்த ஆறு பேருக்கும் அவங்க சொந்த இடது பக்கமே வந்துடும்னு நம்புறேன். முழுப் பார்வை. மத்த ஆறு பேருக்கு இப்ப இருக்கறதும் போயிடும், பழைய இருட்டுதான். அவங்களுக்கும் குடுக்க எவ்வளவோ கேட்டேன், அனுமதி கெடைக்கல. இல்ல, இப்படியே போதும்னா நான் நாளைக்கே கெளம்புறேன். இது இப்படியே நிலைச்சுடும். யாருக்கும் சொந்தப் பார்வை வராது. ஆனா பன்னிரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கலாம். நீங்கதான் சொல்லணும்.”

வெளியே என்ஜின் ஒன்று காலி வேகன்களை இடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தது.

“ஓட்டு” என்றான் நாகப்பன்.

“சீட்டுல எழுதிப் போடறது. யாருதுன்னு தெரியக் கூடாது. எண்ணுனதும் கிழிச்சுடணும்” என்றான் காத்தமுத்து. கருங்காலிக்கும் ஓட்டு உண்டா என்று ஒருவர் கேட்க, கண்ணு அவனுதும்தானே என்று இன்னொருவர் சொல்ல, உண்டு என்றாயிற்று. மாற்ற வேண்டாம் என்றால் ‘முறை’ என்று எழுதுவது, அவரவர் எண்ணில் உட்காரலாம் என்றால் ‘எண்’ என்று எழுதுவது. பிஸ்கட் தகர டப்பா வந்தது.

உத்திராபதி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டைத் தன் வலது பக்கத்தில், தொடைக்கும் மேசைக்கும் நடுவில், பக்கிரிசாமியின் பார்வை எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருஷமாக எல்லோருக்கும் எல்லாம் என்று மேடை மேடையாகத் தொண்டை கிழிந்த மனுஷர். மனசுக்குள் ஒரு கூட்டல் போட்டார்: ஆறு பேர் பார்வை பெறுகிறவர்கள், அந்த ஆறு பேரும் மனுஷர்கள்தான், ஆறு சீட்டில் ‘எண்’ இருக்கும், ஆறோடு ஒன்றாக இதுவும் கிடக்கும். பிறகு பலகையை நினைத்தார். தன் காலால், தன் கண்ணால், காதில் எந்தக் குரலும் இல்லாமல் அந்தப் பலகையில் ஒரே ஒரு மூட்டை. பக்கிரிசாமியின் பாட்டு இல்லாத ஒரு நாள். ஆணி தெரியாத ஒரு சாயங்காலம். ‘எண்’ என்று எழுதினார். நான்காக மடித்தார். டப்பாவில் போட்டார்.

மற்றவர்களும் போட்டார்கள். செயலாளர் என்ற முறையில் அவரே எழுந்து நின்று ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தார். தலையை இடப்பக்கம் திருப்பி, இருப்பதெல்லாம் வலது பாதிக்குள் விழும்படி வைத்துக்கொண்டு படிப்பது பாதி போனவர்களின் பழக்கம்.

“முறை.”

“முறை.”

மூன்றாவதும் முறை. நான்காவதும். ஐந்தாவது சீட்டில் எழுத்தே சரியாக இல்லை, கோணல்மாணலாக இருந்தது, ஆனால் முறைதான். ஆறாவது முறை. ஏழாவது முறை. எட்டாவது முறை. ஆறு பேர் எங்கே என்று அவர் தேடினார். பார்வை வாசல்வரை வந்து நிற்கிறது, கையை நீட்டினால் போதும், அந்த ஆறு பேர் எங்கே போனார்கள்? ஒன்பதாவது முறை. பத்தாவது முறை. பதினொன்றாவது சீட்டு அவர் மடித்த மடிப்பு.

“எண்” என்றார்.

கடைசிச் சீட்டைப் பிரித்தார். “முறை.”

பதினொன்றுக்கு ஒன்று. மற்ற பதினோரு சீட்டையும் அவர் கை தானாகவே கிழித்தது. தனக்கே தெரியாமல் தன்னுடைய சீட்டை மட்டும் கிழிக்காமல் மறுபடி மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு பெருமூச்சு கேட்டது. நாகப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்; இருட்டுக்குள் போகத் தயாராக வந்தவன் அவன். அப்புறம் காத்தமுத்து எழுந்தான்.

“அந்த ஒண்ணு யாருதுன்னு எழுத்தப் பாத்துத்தான் தெரியணுமா?” என்றான். “அன்னைக்கும் ஒருத்தன்தான். இன்னைக்கும் ஒருத்தன்தான்.”

“கருங்காலித்தனம் பழகுன கழுத்து” என்றது இன்னொரு குரல்.

“இத்தன நாள் ஜோடியா நின்னு கூவுனதெல்லாம் உள்ள வர்றதுக்கு வேஷமாடா?”

“தற்காலிகம்னுதான எழுதியிருக்கு. பேர அடிச்சுடுங்க செயலாளரே. இப்பவே அடிச்சுடுங்க.”

பக்கிரிசாமி கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்திருக்கவில்லை, இல்லை என்று சொல்லவில்லை, டாக்டர் “சத்தம் போடாதீங்க, யாருதுன்னு தெரியாமத்தான ஓட்டே போட்டீங்க” என்று சொன்னதையும் அவன் கேட்டதாகத் தெரியவில்லை. முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் ஜன்னலை நோக்கித் திருப்பியிருந்தான். அதனால் அறை முழுக்க அவனுடைய இடது பக்கத்தில் விழுந்தது.

ஆகவே உத்திராபதிக்கு அது தெரிந்தது. பெஞ்சுகளில் திரும்பி உட்கார்ந்த பத்து முகங்கள் அவருடைய இடது பாதியில் நிறைந்தன. அவர் வளர்த்த முகங்கள், லாக்கப்பில் ஒரே பீடியைப் பகிர்ந்துகொண்ட முகங்கள். முப்பத்தைந்து வருஷத்தில் அவற்றில் அவர் கோபம் பார்த்திருக்கிறார், பசி பார்த்திருக்கிறார், ஆனால் இதைப் பார்த்ததில்லை, ஏனென்றால் இது என்றைக்கும் அவர் பக்கம் திரும்பியதில்லை. காத்தமுத்துவின் மேலுதடு ஏறியிருந்தது. நாகப்பன், சற்றுமுன் அழுத நாகப்பன், காறித் துப்பப்போகிறவன்போல வாயைக் கூட்டிக்கொண்டிருந்தான். வலது பாதியில் அதே ஆட்களின் பின்னந்தலைகளும் தோள்களும், அவர் சொல்லப்போகும் தீர்ப்புக்காக நம்பிக்கையோடு காத்துக்கொண்டிருந்தன. இதைத்தானா, என்று அவருக்கு நெஞ்சில் அடித்தது, இதைத்தானா பிணவறையிலிருந்து வந்த மறுநாள் இவன் இந்த அறையில் நின்று பார்த்தான், நான் உரக்கத் தீர்மானம் படித்துக்கொண்டிருந்தபோது?

“சொல்லுங்க செயலாளரே” என்றான் காத்தமுத்து, திரும்பாமலே. “நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

சொன்னால் போதும். சொல்லாவிட்டாலும் போதும், சும்மா நின்றாலே அவன் எழுந்து போய்விடுவான், போய்ப் பழகியவன் அவன். தன் சீட்டு எது என்று அவனுக்குத் தெரியும். பதினோரு பேருக்கும் அவரவர் சீட்டு தெரியும், ஆனால் பதினோரு பேரில் ஒருவனைத்தான் யாரும் நம்பப்போவதில்லை. இடது பக்கத்தில் முகங்கள் இன்னும் கிட்ட வந்தன. நாகப்பன் பெஞ்சைத் தாண்டிவிட்டான்.

“நாகப்பா, நில்லு” என்றார்.

உள்ளங்கையை விரித்தார். நான்காக மடித்த சீட்டு வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இது என் சீட்டு” என்றார். “நான் எழுதுனது.”

யாருக்கும் புரியவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னார். அப்போது, ஒவ்வொன்றாக, இடது பக்கத்தில் இருந்த முகங்கள் திரும்பத் தொடங்கின. அங்கே திரும்பியது இங்கே வந்தது, அங்கே காது தெரிந்தபோது இங்கே மூக்கு தெரிந்தது, காத்தமுத்துவின் ஏறிய மேலுதடு இறங்க மறந்து அப்படியே அந்தப் பாதியிலிருந்து இந்தப் பாதிக்கு வந்து சேர்ந்தது. வலது பக்கத்தில் பத்து முகங்கள் இருந்தன. இடது பக்கத்தில், பக்கிரிசாமியின் பார்வையில், பத்துப் பின்னந்தலைகளுக்கு அப்பால், அவை பார்த்துக்கொண்டிருந்த ஆள் கையை விரித்தபடி நின்றுகொண்டிருந்தான்.